எக்கோ நார்மல் என்றால் இதய எம்ஆர்ஐ எதற்கு?

தேவகோட்டையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆச்சிக்கு, அதாவது அக்காவுக்கு, 38 வயது, ஏழு வருடமாக லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்), நடுவில் ஒருமுறை அது சிறுநீரகத்தையும் பாதித்துவிட்டு அடங்கியிருக்கிறது, இப்போது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.1. இரண்டு மாதமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்திருக்கும்போதே படபடப்பு வருகிறது. ஈசிஜியில் ஏதோ லேசான மாற்றம், எக்கோ என்ற அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பம்பிங் 60 சதவீதம், எல்லாம் நார்மல் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதற்கப்புறமும் லூபஸ், மூட்டு நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜி டாக்டர் மருந்து ஏற்றி இதயத்துக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார். உங்கள் அம்மானோ, "எக்கோ நல்லாருக்குன்னா இது எதுக்கு, அந்த மருந்து கிட்னியைக் கெடுத்துரும்" என்கிறார். எடுக்கலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எக்கோ நார்மல் என்றால் இதயமும் நார்மல்தானே, இந்த ஸ்கேன் புதிதாக என்னத்தைக் காட்டிவிடப் போகிறது என்பதுதான் உங்கள் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நான் ரேடியாலஜிஸ்ட், சொந்த ஊர் பள்ளத்தூர், வேலை மதுரையில். இதய எம்ஆர்ஐ படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது பல வருட வேலை. மாத்திரை எது, ஸ்டீராய்டு எவ்வளவு என்பது என் துறை இல்லை, அதில் தலையிட மாட்டேன். உங்கள் ஆச்சியை நான் நேரில் பார்க்கவும் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் எக்கோவைக் குறை சொல்லக் கூடாது. மலிவு, கதிர்வீச்சு கிடையாது, பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வால்வு எப்படி இருக்கிறது, இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா, நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடியிருக்குமா என்பதையெல்லாம் நன்றாகச் சொல்லும். ஆனால் அது பார்ப்பது பெரும்பாலும் அசைவை. நம் ஊர்ப் பழைய வீடுகளில் கதவு சத்தமில்லாமல் திறந்து மூடும், நிலைக்குள்ளே கரையான் அரித்திருப்பது வெளியே தெரியாது. இதயத் தசையும் கொஞ்சம் வீங்கினாலோ, அங்கங்கே தழும்பு விழுந்தாலோ ரொம்ப நாள் வரைக்கும் சரியாகவே சுருங்கி விரியும், பம்பிங் 60 என்றே வரும். லூபஸ், முடக்குவாதம், தோல் இறுகும் ஸ்கிளீரோடெர்மா, தசை அழற்சியான மயோசைட்டிஸ் மாதிரியான நோய்களில் இதயத்துக்கு வரும் பாதிப்பு பல பேருக்கு இப்படித்தான், அசைவில் தெரியாமல் தசைக்குள்ளேயே ஆரம்பிக்கிறது. அதனால் எக்கோ நார்மல் என்பது பம்ப் இப்போது நன்றாக வேலை செய்கிறது என்ற தகவல். தசை நன்றாக இருக்கிறதா என்பது தனிக் கேள்வி, அதற்கு எக்கோவிடம் முழுப் பதில் இல்லை.

எம்ஆர்ஐ அந்தத் தசையையே பார்க்கிறது. எப்படி என்று கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் இது புரிந்தால்தான் ரிப்போர்ட்டில் இருக்கும் வார்த்தைகள் பிடிபடும். அழற்சி இருக்கிற இடத்தில் நீர் கோக்கும். டி2 என்று எழுதியிருக்கிற படங்கள் அந்த நீரைத் தேடுகின்றன, டி2 கூடியிருக்கிறது என்றால் அங்கே இப்போது வீக்கம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அடுத்தது காடோலினியம் என்ற மருந்து. கை நரம்பில் ஏற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் படம் எடுப்போம். இந்த மருந்து செல்லுக்குள் போகாது, செல்களுக்கு நடுவில் இருக்கிற இடத்தில்தான் தங்கும். நல்ல தசையில் அந்த இடம் கொஞ்சம்தான், அதனால் சீக்கிரம் கழுவிக்கொண்டு போய்விடும், படத்தில் கறுப்பாகத் தெரியும். தழும்பு விழுந்த இடத்திலும் கடுமையாக வீங்கிய இடத்திலும் மருந்து தேங்கி நிற்கும், வெள்ளையாகத் தெரியும். மூன்றாவது டி1 மேப்பிங். தழும்பு ஒரே இடத்தில் இல்லாமல் தசை முழுக்க மெல்லிசாகப் பரவியிருந்தால் கறுப்பு வெள்ளையாகப் பிரித்துக் காட்ட முடியாது, எல்லாமே ஒரே மாதிரி இருக்கும். டி1 மேப்பிங் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் கொடுக்கிறது, அந்த எண் கூடியிருந்தால் பரவலான பாதிப்பு என்று தெரியும். ஆனால் டி1 வீக்கத்திலும் கூடும், தழும்பிலும் கூடும். டி1, டி2 இரண்டும் கூடினால் இப்போது எரிந்துகொண்டிருக்கிற அழற்சி, டி1 மட்டும் கூடி டி2 சாதாரணமாக இருந்தால் பழைய தழும்பாக இருக்க வாய்ப்பு அதிகம். இதய எம்ஆர்ஐயின் உண்மையான பலம் இந்தப் பழசு, புதுசு பிரிப்பதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

வெள்ளை எங்கே விழுந்திருக்கிறது என்பதும் ஒரு கதை சொல்லும். மாரடைப்பால் வரும் தழும்பு இதயச் சுவரின் உள் ஓரத்தில் தொடங்கி வெளியே பரவும், ஒரு குறிப்பிட்ட ரத்தக்குழாய் ரத்தம் கொடுக்கிற பகுதியோடு பொருந்தும். அழற்சியால் வருவது பெரும்பாலும் சுவரின் நடுவிலோ வெளி ஓரத்திலோ திட்டுத்திட்டாக இருக்கும், குழாய்க் கணக்கோடு பொருந்தாது. ஸ்கிளீரோடெர்மாவில் மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருங்குவதால், பெரிய குழாயில் அடைப்பே இல்லாமல் உள் ஓரம் பாதிக்கப்படுவதும் உண்டு.

லூபஸில் இந்த வித்தியாசம் சாதாரண விஷயம் இல்லை. லூபஸ் இதயத்தின் எந்த அடுக்கையும் விடாது. வெளி உறையில் அழற்சி வருவதுதான் மிக அதிகம், தசையில் வரும், வால்விலும் வரும். இதெல்லாம் போக, ரத்தக்குழாய் அடைப்பும் வயதுக்கு முன்னாலேயே வருகிறது. 1997இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த ஓர் ஆய்வில், 35இலிருந்து 44 வயதுக்குள் இருக்கும் லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு அதே வயதுப் பொதுப் பெண்களை விட 50 மடங்குக்கும் மேல் என்று வந்தது. பயப்படாதீர்கள், அந்த வயதில் மற்றப் பெண்களுக்கு மாரடைப்பு மிக அரிது என்பதால்தான் மடங்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. ஆனாலும் 38 வயதுப் பெண்ணுக்கு அதெல்லாம் வராது என்று லூபஸ் விஷயத்தில் யாரும் சொல்ல முடியாது. ஆக உங்கள் ஆச்சியின் மூச்சு வாங்கலுக்குத் தசை அழற்சி காரணமாக இருக்கலாம், பழைய தழும்பு காரணமாக இருக்கலாம், குழாய் அடைப்பாக இருக்கலாம், இதயத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் ரத்தசோகையாகவோ நுரையீரலாகவோ இருக்கலாம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பல வருடம் சாப்பிட்டவர்களில் மிக அரிதாக அந்த மாத்திரையே இதயத் தசையைப் பாதிப்பதும் உண்டு. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். லூபஸைக் கட்டுக்குள் வைப்பதில் அதற்கு இணை குறைவு, நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

இப்போது செலவுக்கு வருவோம். இந்த ஸ்கேன் வீண் செலவா இல்லையா என்பது ரிசல்ட்டை வைத்து என்ன மாற்றப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "இது வந்தால் என்ன செய்வீங்க, வராட்டி என்ன செய்வீங்க?" உங்கள் ஆச்சி விஷயத்தில் இரண்டுக்கும் பதில் வேறு வேறாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். புது அழற்சி என்றால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கூட்டுவார்கள். பழைய தழும்பு மட்டும் என்றால் ஸ்டீராய்டைக் கூட்டி லாபமில்லை, சர்க்கரையும் எலும்புத் தேய்மானமும்தான் மிச்சம், அதற்குப் பதிலாக இதய மருந்தும் ஹோல்டர் என்ற சின்னக் கருவியை உடம்பில் மாட்டி துடிப்பைக் கண்காணிப்பதும் வேண்டியிருக்கும். குழாய் அடைப்பு மாதிரி இருந்தால் கார்டியாலஜிஸ்ட்டிடம் போக வேண்டும். முழுக்க நார்மல் என்று வந்தால் ஹீமோகுளோபின், தைராய்டு, நுரையீரல் என்று வேறு பக்கம் தேடலாம். நார்மல் என்று வந்துவிட்டதே, காசு போச்சே என்று என்னிடம் வருத்தப்பட்டவர்கள் உண்டு. தேவையில்லாத ஸ்டீராய்டைத் தவிர்த்ததற்கு யாரும் பில் போடுவதில்லை, அதனால் அந்த லாபம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியது எது, இன்னும் வாதத்தில் இருப்பது எது என்று பிரித்துவிடுகிறேன். லூபஸ் போன்ற நோய் உள்ள ஒருவருக்கு மூச்சு வாங்கல், படபடப்பு, நெஞ்சுவலி இருந்து, ஈசிஜியிலோ, இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையிலோ ஏதாவது மாறியிருந்து, எக்கோவில் விடை கிடைக்காவிட்டால் எம்ஆர்ஐ எடுப்பதற்குக் காரணம் வலுவானது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தொந்தரவே இல்லாதவருக்குச் சும்மா ஒரு செக்கப்பாக எடுக்கலாமா என்றால் அது வேறு. எடுத்தால் கணிசமான பேருக்கு டி1 கொஞ்சம் கூடியிருக்கும், எங்காவது சின்னத் தழும்பு தெரியும், பல ஆய்வுகளில் இது வந்திருக்கிறது. ஆனால் தொந்தரவு இல்லாத அந்த நேரத்தில் அதைப் பார்த்து மருந்தைக் கூட்டினால் பின்னால் நல்லது நடக்கிறது என்று இன்னும் நிரூபணமாகவில்லை. அதனால் முடக்குவாதம் கட்டுக்குள் இருக்கிற, மூச்சுத் தொந்தரவு ஒன்றும் இல்லாத அம்மாவுக்கும் எடுத்துவிடலாமா என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்பேன். அந்தக் காசையும் கவனத்தையும் பிபி, சர்க்கரை, கொழுப்பில் காட்டுங்கள். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இதய நோய் அபாயக் கணக்கை 1.5 ஆல் பெருக்கிப் பார்க்கச் சொல்லி ஐரோப்பிய ருமட்டாலஜி அமைப்பே பரிந்துரைக்கிறது, அது வெறும் பேப்பர் பேனா வேலை. ஸ்கிளீரோடெர்மாவும் மயோசைட்டிஸும் கொஞ்சம் தனி. அங்கே இதயம் சத்தமில்லாமல் கெட்டுப்போவது உண்டு என்பதால் கொஞ்சம் சீக்கிரமே எடுக்கச் சொல்லும் டாக்டர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மயோசைட்டிஸில் இன்னொரு சிக்கல், ட்ரோபோனின் டி என்ற வகை கை கால் தசை பாதிப்பிலேயே கூடிவிடும், அதை வைத்து இதயம் போச்சு என்று பதறக் கூடாது. ட்ரோபோனின் ஐ என்ற வகை இதயத்துக்கு இன்னும் பொருத்தமானது.

ரிப்போர்ட்டில் லேக் லூயிஸ் என்று ஒரு பெயர் வரலாம். தசை அழற்சியை எம்ஆர்ஐயில் எப்படி முடிவு செய்வது என்ற விதிமுறை அது, 2009இல் வந்து 2018இல் திருத்தப்பட்டது. டி2 பக்கம் ஒரு அடையாளம், டி1 பக்கம் ஒரு அடையாளம், இரண்டும் இருந்தால் அழற்சி என்று வலுவாகச் சொல்லலாம் என்கிறது. ஆனால் அது லூபஸ் நோயாளிகளுக்கென்று தனியாக எழுதியது அல்ல, அதனால் ஒரு அடையாளம் மட்டும் இருந்தால் என்ன செய்வது என்பது ரேடியாலஜிஸ்ட்டும் ருமட்டாலஜிஸ்ட்டும் பேசி எடுக்கிற முடிவு. எம்ஆர்ஐயால் முடியாததும் உண்டு. குழாய் அடைப்பை நேராகப் பார்க்க சிடி ஆஞ்சியோ மேல். வால்வில் லூபஸ் உண்டாக்கும் சின்னச் சின்ன வளர்ச்சிகளைப் பார்க்க எக்கோ மேல். நுரையீரல் ரத்த அழுத்தத்தை உறுதி செய்ய இதயத்தின் வலப்பக்கம் குழாய் விட்டு அளந்துதான் ஆக வேண்டும்.

சரி, உங்கள் அம்மான் பயப்படும் கிட்னி விஷயம். அவர் சொல்வது முழுக்கத் தப்பு இல்லை, ஆனால் வேறு மருந்தைப் பற்றியது. சிடி ஸ்கேனுக்கும் ஆஞ்சியோவுக்கும் ஏற்றுவது அயோடின் கலந்த மருந்து, பலவீனமான சிறுநீரகத்தை அது தொந்தரவு செய்யலாம். எம்ஆர்ஐக்கு ஏற்றுவது காடோலினியம், அதன் அளவும் குறைவு. அதற்கு வேறு ஒரு பிரச்சினை உண்டு. சிறுநீரகம் ஏறக்குறைய செயலிழந்தவர்களுக்கும் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் பழைய வகைக் காடோலினியம் கொடுத்தபோது தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் ஒரு கொடிய நோய் வந்தது, இரண்டுக்கும் தொடர்பு இருப்பது 2006இல் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்கப்புறம் வளைய அமைப்புள்ள புது வகை மருந்துகளுக்கு மாறிவிட்டார்கள், அவற்றில் அந்த நோய் மிக மிக அரிது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் என்ற எண் 30க்குக் கீழே இருந்தால்தான் உட்கார்ந்து யோசிப்போம். 38 வயதுப் பெண்ணுக்குக் கிரியாட்டினின் 1.1 என்றால் அது 65 பக்கம் வரும். கவலை வேண்டாம், ஆனால் சமீபத்திய ரிசல்ட்டாக இருக்கட்டும், லூபஸ் சிறுநீரகம் சில வாரத்தில் மாறக்கூடியது. மூளையில் காடோலினியம் துளித்துளியாகத் தங்குகிறது என்று 2014இல் கண்டுபிடித்தார்கள். அதனால் தீங்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை, இருந்தாலும் தேவையில்லாமல் திரும்பத் திரும்ப ஏற்றக் கூடாது என்பதற்கு அது போதுமான காரணம். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தால் கட்டாயம் முன்னாலேயே சொல்லுங்கள், இந்த மருந்தைத் தவிர்ப்போம்.

எங்கே எடுப்பது என்பது முக்கியம். எம்ஆர்ஐ மெஷின் இருக்கிற எல்லா இடத்திலும் இதயத்துக்கு எடுப்பதில்லை. துடிப்போடு சேர்த்துப் படம் பிடிக்கும் வசதி வேண்டும், டி1 டி2 மேப்பிங் மென்பொருள் வேண்டும், படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். மதுரையோ திருச்சியோ, கிளம்புவதற்கு முன்னால் போன் போட்டு "மேப்பிங் செய்வீங்களா, இதய எம்ஆர்ஐ வாரத்துக்கு எத்தனை எடுக்கிறீங்க" என்று கேளுங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் இந்தப் பரிசோதனை அதில் சேருமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள், அங்கே போய் நின்று வாதாட வேண்டாம். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். வெறும் "கார்டியாக் எம்ஆர்ஐ" என்று ஒரு வரியோடு வரும் சீட்டுகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். லூபஸ் எத்தனை வருடம், என்ன மருந்து, என்ன தொந்தரவு, ட்ரோபோனின் எவ்வளவு, எதைத் தேடுகிறார்கள் என்று இருந்தால்தான் எந்தெந்தப் படம் எடுப்பது என்று முடிவு செய்ய முடியும். அன்றைக்கே ஒரு ரத்தப் பரிசோதனையில் ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பார்த்துக் கொண்டுபோனால் நல்லது, மருந்து ஏற்றியபின் கணக்கிடும் ஒரு அளவுக்கு அது தேவை, ரத்தசோகை உள்ளவர்களுக்குக் குத்துமதிப்பு எண்ணைப் போட்டால் கணக்கு கோணிவிடும். இன்னொன்று, அதிக டோஸ் ஸ்டீராய்டு ஆரம்பித்துவிட்டால் வீக்கம் சில நாளிலேயே வடிய ஆரம்பிக்கும், அப்புறம் எடுத்தால் டி2 அப்பாவியாகத் தெரியும். முடிந்தால் அதற்கு முன் எடுப்பது நல்லது. ஆனால் மயக்கம் போட்டு விழுந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, நெஞ்சுவலி வந்தாலோ, கால் வீங்கினாலோ ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது, நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். சிகிச்சைதான் முதலில், படம் அப்புறம்.

ஸ்கேன் அன்றைக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். மெஷினின் காந்த வலிமை 1.5 டெஸ்லா என்றால் அது பூமியின் காந்தத்தைப் போல சுமார் 30,000 மடங்கு, அதனால் உலோகம் எதுவும் கூடாது. நம் பெண்களிடம் பிரச்சினை தங்கத்தில் இல்லை, தாலிச் சங்கிலியில் கோத்து வைத்திருக்கும் ஊக்கில்தான். இரும்பு ஊக்கு காந்தத்துக்குப் பறக்கும். சங்கிலியைக் கழற்றிவிட்டு வெறும் கழுத்தோடு இருக்க மனசில்லை என்றால் அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வரும் வழக்கம் இருக்கிறது, யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மெட்டி, கொண்டை ஊசி, ஜரிகைச் சேலை எல்லாம் வெளியே, அங்கேயே கவுன் தருவார்கள். பேஸ்மேக்கர், காது கருவி, உடம்புக்குள் வைத்த கிளிப் எதுவானாலும் சீட்டு கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். குளிரில் விரல் வெளுத்து நீலமாகும் தொந்தரவு லூபஸில் பல பேருக்கு உண்டு, அந்த அறை நல்ல குளிர், போர்வை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளலாம். காலையில் மூட்டு விறைப்பு இருந்தால் மதிய நேரம் கேளுங்கள், முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கச் சொல்லுங்கள். மூச்சை விட்டுவிட்டு பத்துப் பதினைந்து விநாடி அப்படியே நிறுத்தச் சொல்வார்கள், பல தடவை. வீட்டிலேயே நான்கு நாள் பழகிவிட்டு வந்தால் படம் எவ்வளவு தெளிவாக வருகிறது என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கும். ரத்த ஓட்டத்தை மருந்து கொடுத்துச் சோதிக்கும் ஸ்ட்ரெஸ் எம்ஆர்ஐ என்றால் முந்தின நாளிலிருந்தே காபி, டீ, சாக்லேட் கூடாது. நம் வீடுகளில் காலைக் காபி இல்லாமல் கிளம்ப வைப்பதுதான் பெரிய பாடு. ஆஸ்துமா இருந்தால் சொல்லிவிடுங்கள், அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது.

அழற்சி இருக்கிறது என்று வந்து சிகிச்சை ஆரம்பித்தால், சில மாதம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்லலாம். அதை அதே இடத்தில், அதே மெஷினில் எடுங்கள். டி1 எண் மெஷினுக்கு மெஷின் மாறும், 1.5 டெஸ்லாவில் 1000 பக்கம் சாதாரணம் என்றால் 3 டெஸ்லாவில் 1200 பக்கம்கூடச் சாதாரணமாக இருக்கும். இரண்டு ஊரில் எடுத்த எண்களைப் பக்கத்தில் வைத்து "நோய் ஏறிடுச்சு" என்று கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், ஏறியது மெஷின்தான். முதல் ஸ்கேனின் படங்களைப் பதிந்த சிடி தட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள், அடுத்த தடவை ரிப்போர்ட் பேப்பரோடு அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். பேப்பரை மட்டும் வைத்துக்கொண்டு எங்களால் ஒப்பிட முடியாது.